வெளிவாசல் பட்டியல்

என் தம்பிக்கு வலிப்பு வரும். பத்து வயதில் தொடங்கியது. இப்போது அவனுக்கு இருபத்தாறு. இடது மணிக்கட்டில் எப்போதும் ஒரு பட்டை கட்டியிருப்பான், பார்க்கக் கைக்கடிகாரம் மாதிரி இருக்கும். அவன் விழுந்தால் அது தானாகவே கண்டுபிடித்துவிடும். நினைவு இருந்தால் அவனே அதிலுள்ள பொத்தானை அமுக்கலாம். எது நடந்தாலும் என் போன் அலறும். ஆம்புலன்ஸ்காரர்களுக்கும் தகவல் போகும். அவர்கள் எனக்கு போன் பண்ணிக் கேட்டுக்கொண்டு கிளம்புவார்கள். பொய் அலாரம் என்று நான் சொல்லிவிட்டால் வரமாட்டார்கள்.

அந்தப் பட்டையிலிருந்து என் போன் வரை செய்தி போகிற பாதையைக் கட்டிப் பராமரிக்கும் கம்பெனியில்தான் நான் வேலை பார்க்கிறேன். தற்செயல் இல்லை. அவனுக்காகவே அலைந்து பிடித்த வேலை. மூன்று வருஷத்துக்கு முன் அவன் தனியாக இருக்கப்போகிறேன் என்று கிளம்பியபோது அம்மா அழுது ஆகாத்தியம் பண்ணினாள். நான்தான் நடுவில் புகுந்து, "பட்டை இருக்கும்மா. பட்டையைப் பாத்துக்கறது நானு. அப்புறம் என்ன?" என்று வாக்குக் கொடுத்தேன். அவன் ஓர் அச்சகத்தின் மேல்மாடியில் அறையும் சமையலறையுமாக ஒரு வீடு பிடித்தான். அதே அச்சகத்துக்குப் பிழை திருத்துகிறான். எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. பட்டை சத்தம் போடாவிட்டால் அவன் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று போன் பண்ணி அவன் உயிரை வாங்கக் கூடாது. மூன்று வருஷம் அப்படியே ஓடியது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அது நடந்தது ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின நாள் காலையில் போன் அலறியது. தலை வாரிக்கொண்டிருந்தவள் பாதிப் பின்னலோடு ஓடினேன். மூச்சிரைக்க மாடி ஏறிப் போனால், என் அருமைத் தம்பி புத்தக அலமாரியை நகர்த்திக்கொண்டிருக்கிறார். அலமாரி இடித்துப் பொத்தான் அமுங்கியிருக்கிறது. அந்த மாதத்தில் அது மூன்றாவது தடவை.

"சாரிக்கா. தண்ணி குடிக்கிறியா?" என்று இளித்தான்.

"தண்ணியாடா? புலி வருது புலி வருதுன்னு விளையாடறியா? நான் என்ன உன் வீட்டு வேலைக்காரியா, நீ மணி அடிச்சா ஓடி வர?"

"வேணும்னா அமுக்கினேன்?"

"இனிமே நீ நூறு தடவை அமுக்கினாலும் நான் வரமாட்டேன். ஆம்புலன்ஸ்காரன் கேட்டாலும் பொய் அலாரம்னு சொல்லிட்டு என் வேலையைப் பாப்பேன். ஞாபகம் வெச்சுக்கோ."

அவன் முகம் சுண்டிப்போனது. நான் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். படி இறங்கும்போதே கோபம் பாதி ஆறிவிட்டது, ஆனால் திரும்பிப் போய்ச் சொல்ல மனசு வரவில்லை. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிளவுட் என்கிறார்களே, அது வேறொருவருடைய பெரிய கணினிக் கூடம். அங்கே இடம் வாடகைக்கு எடுத்து எங்கள் நிரலை ஓட்டுகிறோம். நிரல் ஆறு கன்டெய்னர்களில் ஓடுகிறது. நாங்கள் பெட்டி என்போம், கையால் தொட முடியாத பெட்டி. பட்டையிலிருந்து வரும் அலாரத்தை வாங்கி, யாருடையது என்று பார்த்து, உரியவர்களுக்கு அனுப்புவது பெட்டியின் வேலை. அந்தப் பெட்டி எந்த வாசல் வழியாக யாரிடம் போகலாம், செய்கிற காரியத்தையெல்லாம் எங்கே எழுதி வைக்க வேண்டும் என்பதை நான் நிரல் வரிகளாக எழுதி வைத்திருக்கிறேன். அதில் ஒரு வரி மாறினால் ஆறு பெட்டிக்கும் மாறும். கையால் போய் எதையும் திருகக் கூடாது என்பது எங்கள் ஆபீசின் கண்டிப்பான சட்டம்.

பெட்டி எழுதி வைக்கிற குறிப்புகளுக்கு லாக் என்று பெயர். லாக் விஷயத்தில் நான் உடும்புப் பிடி. அதற்குக் காரணம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பெரியவர் குளியலறையில் விழுந்து, மகளுக்குச் செய்தி போகவில்லை. அந்த மகள் எங்கள் ஆபீசுக்கே வந்து என் எதிரில் உட்கார்ந்து, "எங்கப்பா அமுக்கினாரா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டாள். எங்களால் சொல்ல முடியவில்லை. அந்த நேரத்து லாக் தொலைந்துபோயிருந்தது. அவள் அழவில்லை, திட்டவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகு இரண்டு வரிகள் எழுதினேன். ஒன்று, அலாரம் வந்தால் முதலில் லாக்கில் எழுது, அப்புறம் அனுப்பு. இரண்டு, எழுத முடியாவிட்டால் முடிகிறவரை காத்திரு, ஒரு வரியைக்கூடத் தொலைக்காதே.

எனக்குப் பக்கத்து மேசைக்காரனைத் தொப்பி என்று கூப்பிடுவோம். வெயில் இல்லாத அறைக்குள்ளும் தொப்பியைக் கழற்றமாட்டான். அவன் அப்போதே முறைத்தான்.

"ஒரு வரி தொலைஞ்சா என்ன குடியா முழுகிடும்? காத்திருன்னு சொன்னா அது பாட்டுக்குக் காத்துட்டே நிக்கும்."

"லாக் எழுத முடியாமப் போறது எப்பய்யா நடக்கும்? எழுத முடியாத அளவுக்கு ஒண்ணு நடந்தா மத்ததெல்லாமும் செத்துத்தான் கிடக்கும். வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு" என்று அடக்கிவிட்டேன்.

இன்னொன்றும் செய்திருந்தேன். பத்து விநாடிக்கு ஒரு தடவை கிளவுட் ஒவ்வொரு பெட்டியையும் உயிரோடிருக்கிறாயா என்று கேட்கும். இருக்கிறேன் என்று பெட்டி சொன்னால் எங்கள் திரையில் பச்சை விளக்கு. அந்தக் கேள்வி பதிலே லாக்கில் குப்பையாகக் குவிந்ததால், அதை மட்டும் எழுதாதே, வாயால் சொன்னால் போதும் என்று வைத்துவிட்டேன். இந்த மூன்றும் என் கையெழுத்து.

பிறகு பூட்டு வந்தார். பாதுகாப்புத் தணிக்கை செய்கிற அம்மாள். எதைப் பார்த்தாலும் சாத்தச் சொல்வதால் அந்தப் பெயர்.

"உங்க பெட்டிங்க வெளியில எங்க வேணும்னாலும் போகலாம்னு தொறந்து போட்டு வெச்சிருக்கீங்களே, இது வீடா, சத்திரமா? தேவையான வாசல் மட்டும் இருக்கட்டும். மத்ததைச் சாத்துங்க."

நியாயமான பேச்சுதான். வெள்ளிக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து வெளிவாசல் பட்டியல் போட்டோம். தகவல் கிடங்கு, குறுஞ்செய்தி அனுப்பும் கம்பெனி, ஆம்புலன்ஸ் நிலையம், முகவரி தேடும் வரைபடம். நான்கு வாசல். இரண்டு தடவை சரிபார்த்தோம். லாக்கும் வெளியேதான் போகிறது, அதற்கும் ஒரு வாசல் வேண்டும் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிற மாதிரி, லாக் பாட்டுக்குத் திரையில் வந்துகொண்டிருந்தது. லாக்குக்காக ஊரோடு சண்டை போட்ட எனக்கே தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து ஐம்பத்தேழுக்கு அந்த மாற்றத்தை விட்டேன். அதற்கு முன் தொப்பி படித்துப் பார்த்து ஒப்புதல் கொடுத்தான். ஒன்று மாறும், எதுவும் அழியாது என்று திரை சொன்னது. ஆறு பெட்டியும் பச்சை.

"சாத்தியாச்சா?" என்றான் தொப்பி.

"சாத்தியாச்சு. பூட்டம்மாவுக்குச் சந்தோஷம்."

பதினோரு மணிக்குப் பூட்டோடு கூட்டம். போனை மேசைமேல் கண்ணுக்கெதிரே வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். தம்பி இருக்கிற ஒருத்தி வேறெப்படி உட்காருவாள். போன் ஒரு மணி நேரம் வாயே திறக்கவில்லை. நேற்றுக் கொடுத்த டோஸில் பயல் அலமாரிப் பக்கமே போகவில்லை போலிருக்கிறது என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

பன்னிரண்டு மணிக்கு மேசைக்குத் திரும்பினேன். லாக் திரையில் கடைசி வரி 10.58 என்று நின்றிருந்தது.

"திரை பின்தங்குதா?" என்றேன்.

"எப்பவும் அஞ்சு நிமிஷம் பின்னாடிதான் ஓடும். ஆனா இன்னிக்கு ஊர்ல ஒருத்தரும் விழல போல. ஒரு அலாரம்கூட இல்ல. நல்ல நாள்."

"கண்ணு வைக்காதே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம் சரி. ஒரு மணி நேரமா?

அப்போது அம்மா கூப்பிட்டாள்.

"ஏன்டி, தம்பி போன் எடுக்கமாட்டேங்கறான். நாலு தடவை அடிச்சுட்டேன்."

"வேலையா இருப்பான்மா. பட்டை சத்தம் போடலைன்னா நல்லா இருக்கான்னு அர்த்தம். உனக்கு எத்தனை தடவை சொல்றது?"

"என்னமோ பயமா இருக்குடி."

"இருக்கட்டும். வை" என்று வெடுக்கென்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு கை போனிலேயே இருந்தது. நானும் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. எதிரே திரையில் 10.58. ஆறு பச்சை விளக்கு.

மேசை இழுப்பறையில் சோதனைக்கென்று ஒரு பட்டை உண்டு. அதை எடுத்துப் பொத்தானை அமுக்கினேன். பட்டையில் உடனே எழுத்து வந்தது: உதவி வருகிறது. என் போன் அலற வேண்டும். இரண்டு விநாடியில் அலறும், நூறு தடவை பார்த்திருக்கிறேன். பத்து விநாடி ஆயிற்று. முப்பது ஆயிற்று. தொப்பி நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வந்து என் போனையே பார்த்தான்.

"மறுபடி அமுக்கு" என்றான்.

அமுக்கினேன். உதவி வருகிறது. போன் செத்த மாதிரி கிடந்தது.

"லாக்" என்றேன். "ஐயோ, லாக்குக்கு வாசல் விடலை."

சொல்லச் சொல்லத்தான் எனக்கே முழுதும் விளங்கியது. வாசல் அடைபட்டதும் லாக் வரிகள் பெட்டிக்குள்ளேயே சேர்ந்திருக்கின்றன. கொஞ்ச நேரம் உள்ளே இடம் இருந்தது. பதினோரு மணிவாக்கில் இடம் நிரம்பிவிட்டது. அப்புறம் வந்த ஒவ்வோர் அலாரத்தையும் பெட்டி வாங்கிக்கொண்டது, உதவி வருகிறது என்று பட்டைக்குப் பதில் சொன்னது, பிறகு லாக்கில் எழுதப் போனது. எழுத முடியவில்லை. காத்திரு என்று எழுதி வைத்தவள் நான். எழுதாமல் அனுப்பாதே என்று எழுதி வைத்தவளும் நான். உயிரோடிருக்கிறாயா என்று கேட்டால், எழுத வேண்டியதில்லாததால், இருக்கிறேன் இருக்கிறேன் என்று பச்சை காட்டிக்கொண்டே ஆறு பெட்டியும் அலாரங்களைக் கையில் பிடித்தபடி நின்றிருக்கின்றன.

தொப்பி மேலாளரை போனில் பிடித்து ஒலிபெருக்கியில் போட்டான்.

"பெட்டிங்களை நிறுத்திட்டுப் புதுசா ஓட்டுங்க. முதல்ல சேவை திரும்பி வரட்டும்" என்றார் மேலாளர்.

"முடியாது சார்."

"என்னது?"

"உள்ள மாட்டியிருக்கிற அலாரமெல்லாம் பெட்டியோட தற்காலிக நினைவுலதான் இருக்கு. நிறுத்தினா அத்தனையும் போயிடும். யார் விழுந்தாங்கன்னே தெரியாது. புதுப் பெட்டியும் அதே வாசல்லதான் போய் முட்டும். வாசலைத் தொறக்கணும் சார்."

"சரி, நிரலை மாத்தி அனுப்புங்க."

"அதுக்கு ஒப்புதல், சோதனை எல்லாம் முடிய இருபது நிமிஷம் ஆகும். நான் கையால தொறக்கப் போறேன்."

"கையாலயா? அது..."

"சார், என் தம்பி போன் எடுக்கலை" என்றேன்.

"தொறங்க" என்றார்.

அவசரச் சாவியைப் போட்டு உள்ளே போனேன். ஒரே ஒரு வாசல், ஒரே ஒரு வரி. மூன்று தடவை தப்பாக அடித்தேன். தொப்பி என் கையை நகர்த்திவிட்டு அவனே அடித்தான். மணி 12.31.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு லாக் திரை குபுகுபுவென்று ஓட ஆரம்பித்தது. 10.58. 10.59. 11.02. பட்டை எண்கள். தம்பியின் எண் எனக்கு அம்மா பெயர் மாதிரி மனப்பாடம். அது வரக் கூடாது, வரக் கூடாது என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

11.08. அந்த எண். விழுந்தார்.

என் போன் அலறியது.

"நீ போ" என்று கத்தினான் தொப்பி. "மத்தவங்களை நான் பாத்துக்கறேன். போ!"

லிஃப்ட்டுக்காக நிற்கவில்லை. படியில் இறங்கும்போதே ஆம்புலன்ஸ் நிலையத்துக்கு அடித்து, நிஜ அலாரம், நிஜம், உடனே போங்கள் என்று மூன்று தடவை சொன்னேன். அச்சகக்காரருக்கு அடித்தேன், மெஷின் ஓடும்போது அவர் காதில் இடி விழுந்தாலும் கேட்காது, எடுக்கவில்லை. தெருவில் வந்த முதல் டாக்ஸியின் குறுக்கே போய் நின்றேன். ஏறி உட்கார்ந்தபோது போன் மறுபடி அலறியது.

பொத்தான் அமுக்கப்பட்டது, 11.17.

அமுக்கியிருக்கிறான். நினைவு வந்திருக்கிறது. உயிரோடிருக்கிறான்! சந்தோஷத்தில் வாய்விட்டு அழுதேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் இன்னொன்று. 11.20. ஒரே பட்டையிலிருந்து நிறையச் செய்தி வந்தால் வீட்டுக்காரர்கள் மிரளக் கூடாது என்று நிமிஷத்துக்கு ஒன்றாகத்தான் எங்கள் பெட்டி விடும். அதனால் அவன் அமுக்கிய ஒவ்வொன்றும் வரிசையாக, நிதானமாக, என்னிடம் வந்து சேர்ந்துகொண்டிருந்தது. 11.22. 11.25. 11.26.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதெல்லாம் ஒரு மணி நேரத்துக்கு முந்தைய தம்பி. இப்போது அவன் எப்படி இருக்கிறான் என்று இதில் ஒன்றுமே இல்லை. அடுத்த செய்தி வந்தால் அந்த நேரம் வரை இருந்தான் என்று அர்த்தம், அவ்வளவுதான். ஒரு நிமிஷம் உயிர் வரும், அடுத்த நிமிஷம் போகும். 11.31. 11.33. 11.36.

"சிக்னல்ல நிக்காதீங்க, உங்க கால்ல விழறேன்" என்றேன் டிரைவரிடம்.

"யாருக்கும்மா?"

"தம்பிக்கு."

அவர் ஒலிப்பானில் கையை வைத்தவர் எடுக்கவேயில்லை.

தொப்பி கூப்பிட்டான். "பதினோரு பேரோட அலாரம் மாட்டியிருந்துச்சு. பத்துப் பேர் வீட்லயும் பேசிட்டேன். ஒரு பாட்டிக்குக் கையில அடி, மத்தவங்க எல்லாம் பரவாயில்ல. உன் தம்பி ஒருத்தன்தான் பாக்கி. போய்ச் சேந்துட்டியா?"

"இன்னும் இல்ல" என்று சொல்லி வைத்தேன். 11.40. 11.44. 11.47. 11.51. 11.55. இடைவெளி கூடிக்கொண்டே போனது. 11.58.

அதற்கப்புறம் வரவில்லை.

ஒரு நிமிஷம் காத்திருந்தேன். இரண்டு. ஐந்து. மணி 12.51. போனில் நெட்வொர்க் இருக்கிறது, சார்ஜ் இருக்கிறது, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. செய்தி இல்லை, அவ்வளவுதான். எண்ணிப் பார்த்தேன். பதினான்கு தடவை அமுக்கியிருக்கிறான். பதினான்காவதோடு நிறுத்திவிட்டான். ஏன் நிறுத்தினான்? மறுபடி வலிப்பு வந்திருக்கும். இரண்டாவது தடவை வந்தால் ஆபத்து என்று டாக்டர் எத்தனை முறை சொல்லியிருக்கிறார். விழுந்து கிடப்பவன் மேலும் எங்கே விழ முடியும்? பட்டைக்கு எப்படித் தெரியும்? பட்டை சத்தம் போடாவிட்டால் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம் என்று மூன்று வருஷம் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள், அந்தச் சத்தமில்லாத போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அமுக்குடா, இன்னும் ஒரே ஒரு தடவை அமுக்குடா என்று கெஞ்சினேன்.

அச்சகத்தில் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே ஒருவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கீழே கேட்காது. அச்சகக்காரர் மை படிந்த கையோடு வாசலுக்கு வந்தார்.

"என்னம்மா, தினம் ஓட்டப்பந்தயமா?" என்று சிரித்தவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். எனக்கு முன்னால் அவர் படியேறினார். என்னிடமிருந்த சாவி துவாரத்தில் நுழையவே இல்லை. அவர்தான் என் கையிலிருந்து வாங்கித் திறந்தார்.

அறையில் மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாதி திருத்திய தாள்கள், மூடி திறந்த சிவப்புப் பேனா. சார்ஜில் போட்டிருந்த போனில் அம்மாவும் நானும் கூப்பிட்ட கணக்கு. சமையலறை வாசலில் முக்காலி கவிழ்ந்து கிடந்தது. அதற்கப்பால் அவன் தரையில் ஒருக்களித்துக் கிடந்தான். ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. கண் மூடியிருந்தது.

முழங்கால் போட்டு உட்கார்ந்து கன்னத்தைத் தொட்டேன். சூடாக இருந்தது.

கண்ணைத் திறந்தான். கொஞ்ச நேரம் யார் என்று தேடினான்.

"வந்துட்டியா" என்றான். நாக்கைக் கடித்திருந்ததால் பேச்சு குழறியது.

"வந்துட்டேன்டா. வந்துட்டேன். மறுபடி வந்துச்சா? ரெண்டாவது தடவை?"

"இல்லக்கா. ஒரு தடவைதான். கால்தான் உடைஞ்சிருச்சு போல. நகர முடியல."

"அப்புறம் ஏன்டா அமுக்கறதை நிறுத்தினே? பதினொண்ணு ஐம்பத்தெட்டுக்கு அப்புறம் ஏன் அமுக்கல? நான் செத்துட்டேன்டா வழியில!" கோபமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. கத்தினேன்.

அவன் பட்டையைத் திருப்பி என்னிடம் காட்டினான். அதில் இன்னும் அந்த எழுத்து இருந்தது: உதவி வருகிறது.

"ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் இதான் போட்டுச்சு. யாரும் வரல. ஆம்புலன்ஸும் வரல. சரி, அவங்க உனக்கு போன் பண்ணியிருப்பாங்க, நீ பொய் அலாரம்னு சொல்லிட்டேன்னு நினைச்சேன். நேத்து சொன்னியே." மூச்சு வாங்கினான். "நூறு தடவை அமுக்கினாலும் வரமாட்டேன்னு. நூறு வரைக்கும் போக எனக்குத் தெம்பு இல்லக்கா. பதினாலோட விட்டுட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரிக்க முயன்றான், நேற்று இளித்த மாதிரியே. உதட்டில் காய்ந்திருந்த ரத்தம் வெடித்தது.

"எனக்குக் கேக்கலைடா" என்றேன். "ஒண்ணுகூடக் கேக்கலை. நான்தான்டா..."

லாக், வாசல், பெட்டி, காத்திரு என்று நான் எழுதிய வரி, எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை. எதைச் சொன்னாலும் அத்தனை நேரமும் அவன் தரையில் கிடந்து, அக்கா வேண்டுமென்றே வராமல் இருக்கிறாள் என்று நினைத்தது நினைத்ததுதான்.

கீழே மெஷின் நின்றது. தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. அச்சகக்காரர் வழி காட்ட இறங்கி ஓடினார்.

"அழாதக்கா" என்றான். "அவங்க மேல வர்றாங்க."

நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.